பத்துப் புள்ளி

உக்காருங்க சார், தாராளமா உக்காருங்க. மூணு பேர் சீட்டுதானே, பையை நான் மடியில வச்சுக்கிறேன். எதுவரைக்கும்? செக்கானூரணியா? நல்லதாப் போச்சு, நாங்க உசிலம்பட்டி. பேச்சுத் துணைக்கு ஆள் கிடைச்சுது. ஜன்னலோரம் இருக்கிறது என் பொண்ணு. பேரு மணிமொழி, வயசு ஒம்பது. நீங்க பேரு கேட்டுட்டு அவ வாயைப் பாத்துட்டு இருக்க வேணாம்னுதான் நானே சொல்லிட்டேன். அவ சொல்ல மாட்டா. ஆட்டிசம்.

அப்படி மூஞ்சியை மாத்தாதீங்க சார். எல்லாரும் இப்படித்தான் ‘த்ச்சு’ கொட்டுறாங்க, அது எனக்கு ஆகாது. பிள்ளை நல்லாத்தான் இருக்கா. சாப்பிடுவா, தூங்குவா, துணியை நாம மடிக்கிறதைவிட அழகா மடிப்பா. பேச்சு ஒண்ணுதான்.

உதடு அசையுதேன்னு பாக்குறீங்களா? எண்ணுறா. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பத்து வரைக்கும் போகணுமாம். எனக்குத் தெரிஞ்சு பத்தைத் தொட்டதே கிடையாது. நான் மூச்சு வாங்க நிறுத்துனா ஆரம்பிப்பா, நான் பேச்சை எடுத்தா நிறுத்திடுவா. அப்புறம் மறுபடி ஒண்ணுலேர்ந்து. வீட்டுலயும் இதே கூத்துதான், நாள் பூரா. எல்லாம் அந்தப் பொம்மை பழக்குனது. அதைப் பத்தித்தான் சொல்ல வர்றேன், இருங்க.

என்னை அடையாளம் தெரியலையா? நல்லாப் பாருங்க. போஸ்டர்ல பாத்திருப்பீங்க, ‘அடைமழை’ தவசின்னு. பட்டிமன்றப் பேச்சாளர். பகல்ல பால் சங்கத்துல எழுத்தர் வேலை, சாயங்காலமானா மேடை. மேலூர்லேர்ந்து போடி வரைக்கும் நான் ஏறாத திருவிழா மேடை கிடையாது. ஒரு ஆளுக்குப் பத்து நிமிசம்தான், நேரம் முடிஞ்சா நடுவர் மணி அடிப்பாரு. வாடிப்பட்டியில ஒரு நாள் மூணு தடவை மணி அடிச்சும் நான் நிறுத்தல. நடுவர் மணியைத் தூக்கி மேசைக்கு அடியில வச்சுட்டு கன்னத்துல கை வச்சு உக்காந்துட்டாரு. சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. தொழில் ரகசியம் ஒண்ணு சொல்றேன் சார். மேடையில மூணு வினாடி வாயை மூடுனா செத்தோம். முன்வரிசையில ஒருத்தன் எந்திரிச்சு வேட்டியை உதறுவான், அவனைப் பாத்து அம்பது பேர் எந்திரிப்பான். அதனால இடைவெளியே விடக்கூடாது. ஒரு வார்த்தை முடியுறதுக்குள்ள அடுத்த வார்த்தை வாசல்ல வந்து நிக்கணும்.

அப்படிப்பட்டவன் வீட்டுல பேசாத பிள்ளை. பேருலயே மொழியை வச்சேன் நான். எனக்கு வேற ஒண்ணும் வேணாம் சார், ஒம்பது வருசமா ஒரே ஆசைதான். இவ ஒரே ஒரு தடவை என்னை ‘அப்பா’ன்னு கூப்பிடணும். அதைக் கேட்டுட்டேன்னா மைக்கையே தொடாம இருக்கச் சொன்னாலும் இருந்துடுவேன்.

நான் சும்மாவும் விடல. மூணு வயசாகியும் பேச்சு வரலைன்னதும், காதுல பேச்சு விழ விழத்தானே வாயில பேச்சு வரும்னு, தினம் இவளை முன்னால உக்கார வச்சுப் பேசுவேன். ரெண்டு மணி நேரம், சில நாள் மூணு மணி நேரம். அன்னிக்கு என்ன தலைப்போ அதை அப்படியே பேசிக் காட்டுவேன். குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா, பிள்ளை வளர்ப்பில் பெரும்பங்கு தாய்க்கா தந்தைக்கா, எல்லாம் இவ கேட்டிருக்கா. இவ காதுல விரலை விட்டுக்கிட்டு சுவரைப் பாத்துத் திரும்பிடுவா. நான் அந்தப் பக்கம் போய் நின்னு பேசுவேன். எந்த அப்பன் சார் இவ்வளவு பாடுபடுவான்?

மதுரையில டாக்டர்கிட்டக் காட்டுனோம். அவரு என்னைப் பேசவே விடல. நான் பிள்ளையோட விவரத்தைச் சொல்லச் சொல்ல, ‘சார், கொஞ்சம் அவளைப் பாக்க விடுங்க’ன்னு மூணு தடவை சொன்னாரு. மரியாதை தெரியாத ஆளு. அவரு எழுதிக் குடுத்த இடம்தான் இப்ப நாங்க போயிட்டு வர்ற பயிற்சி மையம். என் வீட்டுக்காரி சொர்ணம் வாரம் ரெண்டு நாள் கூட்டிட்டுப் போவா. அங்க இவாஞ்சலின்னு ஒரு டீச்சர். அந்தம்மா என்ன டீச்சரோ, வாயைத் திறக்கவே காசு கேக்கும் போல. நாம ஒண்ணு கேட்டா நம்ம மூஞ்சியவே பாத்துட்டு இருக்கும், அப்புறம் மெதுவா ஒரு வார்த்தை. இதா நம்ம பிள்ளைக்குப் பேச்சுச் சொல்லிக் குடுக்கப் போகுதுன்னு நான் அன்னிக்கே சொர்ணத்துகிட்ட சொன்னேன்.

போன ஆவணியில அந்தப் பொம்மை வந்துச்சு. ரோபோ சார். பெங்களூர்ல ஏதோ கம்பெனி நன்கொடையாக் குடுத்ததாம். மித்துன்னு பேரு. ரெண்டு வயசுப் பிள்ளை உயரம், வெள்ளை பிளாஸ்டிக்கு, மண்டை மட்டும் சீவி வச்ச இளநி மாதிரி. கண்ணு நீலமா எரியும். நெஞ்சுல வரிசையாப் பத்துப் புள்ளி. முதல்நாள் பாத்தப்பவே எனக்கு அது பிடிக்கல. பொய் சொல்லல. பல்லி வாலு தனியா துடிக்குமே, அதைப் பாத்தா ஒரு மாதிரி இருக்கும்ல, அப்படி இருந்துச்சு. உசுரும் இல்ல, சும்மாவும் இல்ல.

அது பேசுற தமிழைக் கேக்கணுமே. ‘வணக்கம் மணிமொழி. நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்.’ உனக்கு என்னடா மகிழ்ச்சி? சார்ஜ் ஏறுனா மகிழ்ச்சியா? அப்புறம் ஒரு அட்டையைக் காட்டும், சிரிச்ச மூஞ்சி, அழுத மூஞ்சி. இது எது, அது எதுன்னு கேக்கும். அழுகைன்னா என்னன்னே தெரியாத ஒரு சாமான் என் பிள்ளைக்கு அழுகையைச் சொல்லிக் குடுக்குது சார். மனுசங்க நாங்க இத்தனை பேர் செத்தா போயிட்டோம்?

ஆனா இவ அதோட மூஞ்சியைப் பாத்தா. அதைச் சொல்லாம இருக்க முடியல. பெத்தவன் மூஞ்சியை ஒம்பது வருசத்துல ஒரு நாள் நேருக்கு நேர் பாக்காதவ, அந்தப் பிளாஸ்டிக் மூஞ்சியைக் கண் கொட்டாம பாத்தா. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே சொல்லுங்க. வேணாம், சொல்ல வேணாம், தெரியும்.

அது என்ன செய்யும்னா, தன் கையில ஒரு பந்து, இவ கையில ஒரு பந்துன்னு வச்சுக்கிட்டு, ‘மணிமொழி, உன் பந்து என்ன நிறம்?’னு கேக்கும். கேட்டுட்டு வாயை மூடிக்கும். நெஞ்சுல அந்தப் பத்துப் புள்ளி ஒவ்வொண்ணா எரிய ஆரம்பிக்கும். மெதுவா, ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவுல ஒரு ஆளு பீடி பத்த வச்சுடலாம். பத்தும் எரிஞ்சு முடியுற வரைக்கும் சும்மா தலையைச் சாய்ச்சுக்கிட்டு நிக்கும். இவ ஒண்ணும் சொல்ல மாட்டா. உடனே அது, ‘பரவாயில்லை. இப்போது என் முறை. என் பந்து நீலம்’னு சொல்லிட்டு மறுபடி முதல்லேர்ந்து கேக்கும். கோவமும் கிடையாது, சலிப்பும் கிடையாது. ஒரே கேள்வியை இருபது தடவை. எங்க மேடையில இப்படி ஒருத்தன் நின்னா செருப்பு பறக்கும்.

பதினாலாவது நாளோ என்னமோ, நானும் போயிருந்தேன். ஒம்பதாவது புள்ளி எரியுறப்ப இவ வாயைத் திறந்து, ‘சிவப்பு’ன்னா.

சொர்ணம் முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு அழுதா. அந்த டீச்சரம்மா குனிஞ்சு தரையைப் பாத்துச்சு.  நான் ஒளிச்சுப் பேச மாட்டேன். என் பொண்ணோட முதல் வார்த்தையை ஒரு பேட்டரி பொம்மை வாங்கிட்டுப் போயிடுச்சு. நான் கொட்டுன அத்தனை ஆயிரம் வார்த்தைக்கு ஒரு ‘ம்’ கிடையாது, அதுக்கு ‘சிவப்பு’. வெளியில வந்து வேப்பமரத்தடியில காறித் துப்பிட்டு, பஸ் வர்ற வரைக்கும் நான் யார்கிட்டயும் பேசல. ஆமா, நானேதான்.

அதுக்கப்புறம் அந்தம்மா வீட்டுப்பாடம் குடுத்துச்சு. பிள்ளைக்கு இல்ல, எங்களுக்கு. வீட்டுல ஒரு கேள்வி கேளுங்க, கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, எண்ணி முடியுற வரைக்கும் வாயைத் திறக்காதீங்கன்னுச்சு. அவ பேசணும்னு நினைச்சாலும் நீங்க நிறுத்துன பிறகு பத்து எண்ணிட்டுத்தான் பேசணும்னு அவளுக்கும் சொல்லியிருக்கேன், அவ முறை வர்றதுக்கு இடம் குடுங்கன்னுச்சு. சொர்ணம் பண்ணுவா. சோத்துத் தட்டை வச்சுக்கிட்டு, ‘இன்னும் வேணுமா?’ன்னு கேட்டுட்டு கல்லு மாதிரி உக்காந்திருப்பா. ஒரு நாள் இவ ‘போதும்’னா. அதுலேர்ந்து தினம் ‘போதும்’னு சொல்றா, ‘வேணாம்’னு சொல்றா. சொர்ணத்துக்குத் தலைகால் புரியல. எனக்கு அதுல என்ன பெருமைன்னு புரியல. வேணாம் போதும்னு சொல்றதெல்லாம் ஒரு பேச்சா?

நான் பண்ணிப் பாக்காம இல்ல. பண்ணேன். ‘மணி, இன்னிக்கு என்ன சாப்பிட்ட?’ன்னு கேட்டேன். ஒண்ணு எண்ணுனேன். ரெண்டு எண்ணுனேன். நெஞ்சை அடைக்குது சார். கிணத்துக்குள்ள தலைகீழாத் தொங்குற மாதிரி. ‘இட்லியா, தோசையா, இட்லிதானே, அம்மா சட்னி அரைச்சாளே, காரமா இருந்துச்சா?’ன்னு கேட்டு முடிச்சப்பறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. இவ எந்திரிச்சுப் போயிட்டா. பதில் சொல்லாத பிள்ளைகிட்ட என்ன செய்யுறது?

நிலக்கடலை சாப்பிடுங்க சார். அட எடுங்க. அவளுக்குக் குடுத்தேன், தள்ளி விட்டுட்டா. எங்க விட்டேன்? ஆமா, ஆண்டு விழா.

தையில அந்த மையத்துக்கு ஆண்டு விழா வச்சாங்க. நானே தொகுத்து வழங்கணும்னு கேட்டாங்க, சரின்னேன். ஆனா அன்னிக்கு நடந்த கண்றாவியை நான் எங்கயும் பாத்ததில்லை. பெங்களூர்லேர்ந்து கம்பெனி ஆளுங்க கேமராவோட வந்தாங்க. ஊர்ப் பெரிய மனுசங்க ஏழெட்டுப் பேரு, ஒவ்வொருத்தனும் கேசரியைத் தின்ன கையோட பிள்ளைங்க தலையைத் தடவிட்டு அந்தப் பொம்மையோட நின்னு போட்டோ எடுத்தான். பிள்ளையோட யாரும் எடுக்கல. ஒரு பையன் சத்தம் தாங்காம காதைப் பொத்திக்கிட்டு நாற்காலிக்கு அடியில கிடக்குறான், அவன் மேல காலு படாம தாண்டிப் போய் பொம்மை தோள்ல கையைப் போடுறாங்க. அப்புறம் பொம்மையைச் சினிமாப் பாட்டுக்கு ஆட விட்டாங்க. வந்தவன் எல்லாம் விசில். எந்தப் பிள்ளைங்களுக்குச் சத்தம் ஆகாதோ அதே பிள்ளைங்களுக்கு நடுவுல வச்சு விசில். எனக்கு உடம்பெல்லாம் கூசிடுச்சு. இதுங்களா சார் மனுசப் பழக்கம் சொல்லிக் குடுக்கப் போகுதுங்க? அன்னிக்கு அந்த டீச்சரம்மாவுக்கும் பிடிக்கல, மூஞ்சி செத்துப் போய் ஓரமா நின்னுச்சு. அந்த ஒரு விசயத்துல நானும் அந்தம்மாவும் ஒண்ணு.

அடுத்து செயல் விளக்கம். இவளும் அந்தப் பொம்மையும் மேடையில. அதுக்கு முன்னாடியே டீச்சரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, ‘சார், ஒண்ணே ஒண்ணு. அது கேட்டதும் அவளுக்குப் பேச நேரமாகும். அதுவரைக்கும் யாரும் எதுவும் சொல்லக்கூடாது. நீங்களும்’னுச்சு. நீங்களும்னு அழுத்திச் சொல்லுச்சு. நான் சரின்னேன். இப்படி ஒரு கேள்வியை அவங்க ஒரு மாசமாப் பழக்கி வச்சிருக்காங்கன்னு எனக்கு அப்பத் தெரியாது.

பொம்மை கையைத் தூக்கி என்னைக் காட்டுச்சு. ‘மணிமொழி, இவர் யார்?’

 மைக்கு என் கையில. எதிர்ல இரநூறு பேர். ஒரு சத்தம் இல்ல. முதல் புள்ளி எரிஞ்சுது. ரெண்டாவது. நான் இவளைப் பாக்குறேன், இவ பொம்மையைப் பாக்குறா. நாலாவது புள்ளி. முன்வரிசையில ஒருத்தன் கடியாரத்தைப் பாத்தான். அஞ்சு. யாரோ கெக்கேன்னு சிரிச்சான். ஆறு. கேமராக்காரன் மூட்டை கட்டுற மாதிரி கேமராவை இறக்குனான். எனக்குத் தெரியும் சார் அந்த அமைதி, அது வேட்டியை உதறுறதுக்கு முந்தின அமைதி. என் மக மேடையில தோத்துட்டு நிக்குறா. ஏழு. அப்ப இவ என்னைத் திரும்பிப் பாத்தா. நேரா. வாய் திறந்துச்சு. எட்டாவது புள்ளி எரிஞ்சுது.

என்னால முடியல. ‘சொல்லும்மா, அப்பா! அப்பான்னு சொல்லு! அன்பு மகள் அப்பான்னு சொல்லப் போறா, எல்லாரும் ஒரு பலத்த கைதட்டல் குடுங்க’ன்னு மைக்கை வாய்கிட்ட வச்சு ஒரே மூச்சுல விட்டேன். அரங்கமே அதிர்ந்துச்சு. அன்னிக்கு விழாவுலயே பெரிய கைதட்டல் அதுதான், யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. நான் இல்லைன்னா அன்னிக்கு மானம் போயிருக்கும்.

இவதான் என்னமோ ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு மேசைக்கு அடியில போயிட்டா. மணிக்கட்டைக் கடிச்சுக்கிட்டா. ரத்தம் வந்துடுச்சு. கேமராக்காரன் அதையும் எடுத்தான், நான் அவன் கையைத் தட்டி விட்டேன். சொர்ணம் வந்து தூக்கிட்டுப் போனா. டீச்சரம்மா என் பக்கத்துல வந்து நின்னுச்சு. திட்டும்னு பாத்தேன், திட்டல. ‘எட்டு வந்துடுச்சு சார்’னு மட்டும் சொல்லிட்டுப் போயிடுச்சு. எட்டாம். எட்டு வந்தா என்ன, பதினெட்டு வந்தா என்ன? மேடைன்னா என்னன்னு அந்தம்மாவுக்குத் தெரியுமா?

சொர்ணம் மூணு நாள் என்கூடப் பேசல. சோத்தைப் போடுவா, குழம்பை ஊத்துவா, வாயைத் திறக்க மாட்டா. அவளும் அங்கதான் கத்துக்கிட்டிருக்கணும்.

அதுக்கப்புறம் நான் அறையில இருந்தா இவ பொம்மைகிட்ட வாயைத் திறக்க மாட்டேங்கிறான்னு ஒரு புகார். நான் வெளியில போயிட்டா பேசுறாளாம். போன வாரம் டீச்சரம்மா கூப்பிட்டு, ரொம்பத் தணிஞ்சுதான் சொல்லுச்சு, இனிமே அம்மா கூட்டிட்டு வரட்டும் சார், நீங்க வந்தா வெளியில பெஞ்சுல உக்காருங்கன்னு. பெஞ்சுல உக்காரணுமாம். ரெண்டாயிரம் பேர் எனக்காகத் தரையில உக்காந்து கேப்பான், நான் என் பொண்ணுக்காக ஒரு பிளாஸ்டிக் பொம்மை அறை வாசல்ல உக்காரணும். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

இன்னிக்குப் போய் மையத்துல இவ பேரை வெட்டிட்டு வந்துட்டேன். சொர்ணத்துக்கு இன்னும் தெரியாது. வகுப்புக்குத்தான் போயிருக்கோம்னு நினைச்சிட்டு இருப்பா. பக்குவமாச் சொல்லிக்கலாம். சொல்லுறதுக்கா நமக்குத் தெரியாது?

டீச்சரம்மா கடைசி வரைக்கும் கெஞ்சுச்சு. உங்க கோவம் என் மேலயோ அந்த விழா மேலயோ இருக்கட்டும் சார், அதுக்கு அவளை நிறுத்தாதீங்க, இன்னும் ஒரு ஆறு மாசம் குடுங்க, அதுக்கப்புறம் அவளுக்கு மித்துவே தேவைப்படாது, மனுசங்ககிட்டயே பேசுவா, அதுக்குத்தான் இதுன்னுச்சு. அப்புறம், ‘அவகிட்டக் கேட்டீங்களா சார்?’னுச்சு. பேசாத பிள்ளைகிட்ட என்னத்தைக் கேக்குறது? என் பொண்ணைப் பத்தி எனக்குத் தெரியாதான்னு கேட்டுட்டு கையெழுத்துப் போட்டுட்டேன்.

கிளம்பும்போதுதான் சங்கடமாப் போச்சு. இவ அந்தப் பொம்மை கையைப் பிடிச்சுக்கிட்டா. விட மாட்டேங்கிறா. அழல, கத்தல, பிடிச்சுக்கிட்டு நிக்குறா. நான்தான் ஒவ்வொரு விரலாப் பிரிச்சேன். பிரிக்கும்போது அது கை என் மேல பட்டுடுச்சு சார். சூடா இருந்துச்சு. உள்ள மெசின் ஓடுற சூடுதான், ஆனா மனுசக் கை மாதிரியே வெதுவெதுன்னு இருந்துச்சு.  இந்தா பாருங்க, அதுக்கப்புறம் ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிட்டேன், இன்னும் அந்தச் சூடு போகல. நாங்க வாசல் தாண்டும்போது பின்னால அது, ‘மணிமொழி, நாளை வருவாயா?’ன்னு கேக்குது. கேட்டுட்டு நிக்குது. புள்ளி எரிய ஆரம்பிச்சுருக்கும். இவ திரும்பித் திரும்பிப் பாத்தா. நான் இழுத்துட்டு வந்துட்டேன், எத்தனை புள்ளி எரிஞ்சுதோ யாருக்குத் தெரியும்.

சீ, நினைச்சாலே ஒரு மாதிரி... இருங்க, கடலைத் தொலி... தொண்டையில... தண்ணி இருக்கா சார்...

ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்ல, புரை ஏறிடுச்சு... தலையில தட்டாதீங்க, சரியாயிடும்... கொஞ்சம் இருங்க...

...

என்ன? இப்ப யாரு பேசுனது? நீங்களா? நீங்க இல்லையே.

மணி?

சார், கேட்டீங்களா? நீங்க கேட்டீங்கதானே? ‘அப்பா, இப்போது என் முறை’ன்னா. அப்பான்னு சொன்னா சார். என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னா. பத்து வரைக்கும் எண்ணிட்டுச் சொன்னா.  கண்டக்டரண்ணே, என் பொண்ணு பேசிட்டாண்ணே. ஒம்பது வருசம் சார், ஒம்பது வருசம். நான் சொன்னேன்ல? அந்தச் சனியனை விட்டு வெளியில இழுத்துட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகல, பேசிட்டா பாத்தீங்களா? நான் எடுத்த முடிவு சரிதானே? எல்லாரும் என்னைக் குத்தம் சொன்னாங்களே. ‘இப்போது’ங்கிறா பாருங்க, எங்க வீட்டுல யாரு ‘இப்போது’ன்னு பேசுறது, அந்தப் பொம்மை நாத்தம் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு.  போகட்டும், ரெண்டு நாள்ல கழுவி எடுத்துடலாம். அப்பான்னு சொன்னா, அது நம்ம சொத்து.

என்ன சார்? அவ என்னமோ சொல்ல வர்றாளா? தெரியுது, தெரியுது. என்னம்மா வேணும்? தண்ணியா? ஜன்னலைச் சாத்தணுமா? பசிக்குதா? வீட்டுக்குத்தான் போறோம்டா, அம்மாகிட்டத்தான் போறோம். இன்னொரு தடவை சொல்லு பாப்போம், அப்பா, சொல்லு, சாரும் கேக்கட்டும், அப்பா. சரி சரி, விடு. களைப்பாயிட்டா பிள்ளை. வெளியில பாத்துத் திரும்பிக்கிட்டா.

செக்கானூரணி வந்துடுச்சு சார், பாத்து இறங்குங்க. உங்க பேரைக்கூடக் கேக்கல பாருங்க. பரவாயில்ல, போஸ்டரைப் பாத்தா வாங்க. இருங்க, நீங்க இருக்கும்போதே இவ அம்மாவுக்குப் போனைப் போட்டுடறேன், சாட்சிக்கு ஒரு ஆளு வேணும்ல. போறீங்களா? சரி, சரி.

ஹலோ, சொர்ணம்? உக்காந்திருக்கியா? உக்காந்துக்க. உன் மக பேசிட்டா. அப்பான்னுட்டா, பஸ்ல, எல்லார் முன்னாடியும். நான் எப்படி ஆச்சுன்னு சொல்றேன் கேளு. முதல்லேர்ந்து சொல்றேன். என்ன? ஆமா, இங்கதான் இருக்கா, ஜன்னலோரம். ஒண்ணு ரெண்டுன்னு மறுபடி எண்ண ஆரம்பிச்சுட்டா. அவகிட்டக் குடுக்கணுமா? குடுக்கிறேன், குடுக்கிறேன். இரு சொர்ணம், நான் முதல்ல முழுசாச் சொல்லி முடிச்சுடறேன்.